ஐஸே இல்லாத ஊரிலிருந்து ஐஸ் தங்கம்: எரின் ஜாக்சன் வந்த வழி

கேள்வி: நாங்கள் மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். ஐந்தாம் ஆண்டு படிக்கும் என் மகள் தினமும் சாயங்காலம் எங்கள் குடியிருப்புத் தாமான் கூடைப்பந்துத் திடலில் ரோலர் ஸ்கேட் ஓட்டுகிறாள். ஐஸில் கால் வைத்து நான்கே மாதத்தில் ஒலிம்பிக் போன ஒரு அமெரிக்கப் பெண்ணைப் பற்றி எங்கேயோ கேட்டுவிட்டு, "நானும் அப்படிப் போவேன்" என்கிறாள். அந்தப் பெண் யார்? அந்தக் கதை நிஜமா? நம் ஊர்ப் பிள்ளைக்கு இது ஆகிற காரியமா, வீண் ஆசையா?

பதில்:

தங்கச்சி, அந்தப் பெண்ணின் பெயர் எரின் ஜாக்சன். கதை நிஜம்தான், ஆனால் பாதிக் கதை. நான்கு மாதம் என்பது அவர் முழுமூச்சாக ஐஸில் இருந்த காலம். அதற்கு முன் சக்கரத்தில் ஓட்டிய காலத்தைக் கூட்டினால் பதினான்கு, பதினைந்து வருஷம் வரும். மகளிடம் இந்த இரண்டாவது கணக்கை முதலில் சொல்லுங்கள். அவள் இப்போது நிற்பது அந்தப் பதினைந்து வருஷத்தின் வாசலில். நான்கு மாதத்தைப் பற்றிப் பேச இன்னும் வெகு காலம் இருக்கிறது.

எரின் பிறந்தது 1992 செப்டம்பர் 19. ஊர் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் ஒக்காலா. அது குதிரைப் பண்ணைகளுக்குப் பேர்போன ஊர். வெயில் காலத்தில் வெக்கையும் புழுக்கமும் நம் ஊரைப் போலவே இருக்கும், சாயங்காலமானால் இடி மழை வரும். குளம் உறைவது, அதன் மேல் பிள்ளைகள் சறுக்குவது என்ற பேச்சே அங்கே கிடையாது. அமெரிக்காவின் பழைய ஐஸ் வீரர்கள் பலரும் விஸ்கான்சின் போன்ற வடக்கத்தி மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். 1980இல் லேக் பிளாசிட் ஒலிம்பிக்கில் 500 மீட்டரிலிருந்து 10,000 மீட்டர் வரை ஐந்து தங்கத்தையும் ஒரே ஆளாக வாரிக்கொண்டு போன எரிக் ஹைடன் அந்த மாநிலத்துக்காரர். அவருக்கு வீட்டுப் பக்கத்திலேயே குளிர்காலம் இருந்தது. எரினுக்கு இருந்தது சக்கர ஸ்கேட் ஓட்டும் கூடம், ஒரு ரோலர் ரிங்க், மட்டும்தான்.

முதலில் அவர் ஓட்டியது நான்கு மூலையிலும் சக்கரம் வைத்த பழைய மாதிரி ஸ்கேட். நடனம் போல அழகுக்காக ஓட்டுவார்களே, அந்த வகை. ஆனால் அவருக்குப் பிடித்தது வேகம். பத்து வயது வாக்கில் இன்லைன் ஸ்கேட்டுக்கு மாறினார். ஒரே வரிசையில் சக்கரம் வைத்த, பந்தயத்துக்கு உரிய ஸ்கேட் அது. அங்கேதான் ரெனே ஹில்டெப்ரண்ட் என்ற பயிற்சியாளரிடம் வந்து சேர்ந்தார்.

இந்தக் கதையில் என்னை மிகவும் வியக்க வைப்பவர் எரின்கூட இல்லை, இந்த ரெனே அம்மாதான். தொழில்முறையில் அவர் ஒரு பிசியோதெரபிஸ்ட். ஒக்காலாவில் பிள்ளைகளுக்குச் சக்கரத்தில் வேகமாக ஓட்டக் கற்றுக்கொடுத்தார். அவர் கையில் வளர்ந்த மூன்று பேர் 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் அமெரிக்க ஐஸ் வேகச்சறுக்கு அணியில் இருந்தார்கள்: எரின் ஜாக்சன், பிரிட்டனி போவ், ஜோய் மான்டியா. ஐஸே உறையாத ஓர் ஊர், ஒரே பயிற்சியாளர், மூன்று ஒலிம்பிக் வீரர்கள். இதில் ஜோய் இன்லைனில் உலகச் சாம்பியன் பட்டங்களைக் குவித்துவிட்டு ஐஸுக்குப் போனவர். அங்கேயும் மாஸ் ஸ்டார்ட் என்ற கூட்டப் பந்தயத்தில் 2017, 2019, 2021 என மூன்று முறை உலகச் சாம்பியன் ஆனார். பிரிட்டனி 1000 மீட்டரில் உலகச் சாம்பியன். 2019 மார்ச்சில் சால்ட் லேக் சிட்டியில் 1 நிமிடம் 11.61 விநாடியில் ஓடி உலகச் சாதனை வைத்தார்.

அந்த மூன்று பேரும் ரெனேயிடம் கற்றது சக்கரத்தில். தாழ்ந்து உட்காரும் நிலை, வளைவில் ஒரு காலைத் தாண்டி மறுகாலை வைப்பது, பக்கவாட்டில் தள்ளுவது, களைத்துப்போன பிறகும் முதுகு நிமிராமல் இருப்பது என்று இதெல்லாம் சின்ன வயதிலேயே உடம்பில் பதிந்துவிட்டால், கீழே சக்கரம் இருக்கிறதா கத்தி இருக்கிறதா என்பதைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம். ஐஸில் ஓட்டுபவர்கள் தங்கள் ஸ்கேட்டின் இரும்புத் தகட்டைக் கத்தி என்றுதான் சொல்வார்கள்.

எரின் இன்லைனில் அமெரிக்காவுக்காக உலகப் போட்டிகளில் ஓடினார். 2012, 2013 இரண்டு வருஷமும் அமெரிக்க ஒலிம்பிக் குழு ரோலர் விளையாட்டுகளின் சிறந்த வீராங்கனையாக அவரைத் தேர்ந்தெடுத்தது. ரோலர் டெர்பி என்று ஒரு முரட்டு ஆட்டம் இருக்கிறது. ஸ்கேட் போட்டுக்கொண்டு ஒருவரை ஒருவர் தோளால் இடித்துத் தள்ளுவார்கள். அதையும் விட்டுவைக்கவில்லை.

இதற்கெல்லாம் நடுவில் படிப்பை விடவில்லை, தங்கச்சி. இதை நம் ஊர்ப் பெற்றோர்கள் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் பொருளறிவியல் பொறியியல் படித்து 2015இல் பட்டம் வாங்கினார். உலோகம், செராமிக், பிளாஸ்டிக் எல்லாம் எதனால் ஆனவை, எப்போது உடையும் என்று ஆராய்கிற படிப்பு. பட்டம் வாங்கிய பிறகுதான் ஐஸ் பக்கம் திரும்பினார். விளையாட்டா படிப்பா என்று பன்னிரண்டு வயதிலேயே பிள்ளையை ஒரு பக்கம் நிறுத்திவைக்கத் தேவையில்லை என்பதற்கு அவர் வாழ்க்கையே சாட்சி.

சரி, ஐஸுக்கு ஏன் போனார்? இன்லைன் பந்தயம் ஒலிம்பிக்கில் கிடையாது. 2018இல் புவெனஸ் ஐரிஸில் நடந்த இளையோர் ஒலிம்பிக்கில் சேர்த்தார்கள். ஆசிய விளையாட்டிலும், ஒலிம்பிக்கில் இல்லாத ஆட்டங்களுக்காக நடக்கும் உலக விளையாட்டுகளிலும் நடந்திருக்கிறது. பெரிய ஒலிம்பிக்கில் மட்டும் இன்னும் இடம் கிடைக்கவில்லை. அதனால் அமெரிக்காவில் சக்கரத்தில் உச்சிக்குப் போனவர்கள் ஒலிம்பிக் பதக்கம் தேடி ஐஸுக்கு மாறுவது பல வருஷப் பழக்கம். மயாமியில் வளர்ந்த ஜெனிஃபர் ரோட்ரிகெஸ் 1990களில் மாறி, 2002 ஒலிம்பிக்கில் இரண்டு வெண்கலம் வாங்கினார். டெரெக் பாரா, கலிபோர்னியாக்காரர், அதே 2002இல் 1500 மீட்டர் தங்கத்தை உலகச் சாதனையோடு எடுத்தார். டெக்சாஸின் சாட் ஹெட்ரிக் 2006இல் 5000 மீட்டர் தங்கம். பிரிட்டனி போவ் கல்லூரியில் கூடைப்பந்து ஆடிக்கொண்டிருந்தவர். 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் தன் பழைய இன்லைன் கூட்டாளிகள் ஐஸில் ஓடியதைப் பார்த்துவிட்டு, மூட்டை கட்டிக்கொண்டு சால்ட் லேக் சிட்டிக்குக் கிளம்பினார். எரின் அந்த வழியில் கொஞ்சம் தாமதமாக வந்தவர். 2017 தொடக்கத்தில் ஐஸைச் சில வாரம் பழகிப் பார்த்தார். அந்த வருஷம் செப்டம்பர் வாக்கில் முழுநேரமாக இறங்கினார். அப்போது அவருக்கு வயது 25.

சக்கரத்தில் கெட்டிக்காரியாக இருந்தால் ஐஸ் சுலபம் என்று மகள் நினைக்கலாம். அப்படியில்லை. ஐஸ் கத்தி ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தடிமன்தான், நீளமோ ஒன்றரை அடி வரை இருக்கும். சக்கரம் ரப்பர் போல ஒட்டிக்கொண்டு ஓடுவது. காலை எந்தச் சாய்வில் வைத்தாலும் ஓரளவுக்குத் தாங்கும், கொஞ்சம் பின்னால் உதைத்தாலும் நகரும். கத்தியில் அந்தச் சலுகை கிடையாது. சரியான விளிம்பில், சரியான பக்கவாட்டில் தள்ளினால் மட்டும்தான் ஐஸ் பிடிமானம் கொடுக்கும். நம் பாட்டிமார்கள் பால்மரம் வெட்டும்போது உளியைப் பிடித்த கோணம்தான் எல்லாம், பலமாக அழுத்தினால் மரம்தான் காயப்படும். கிட்டத்தட்ட அதே சங்கதி. சக்கரத்தில் பலசாலியாக இருப்பவர்கள் ஐஸில் முதலில் தடுமாறுவதற்குக் காரணமே அந்தப் பலம்தான்.

ஸ்கேட்டும் வேறு. வேகச்சறுக்குப் பூட்ஸின் குதிகால் பகுதி கத்தியோடு ஒட்டியிருக்காது. முன்பக்கம் ஒரு கீல் இருக்கும். கால் தள்ளி முடிக்கும்போது குதிகால் மேலே எழும்பும், கத்தி ஐஸிலேயே இன்னும் ஒரு கணம் தங்கும், பிறகு சுருள்கம்பி அதை "டப்" என்று பழைய இடத்துக்கு இழுக்கும். கைதட்டுவது போல் சத்தம் வருவதால் கிளாப் ஸ்கேட் என்று பெயர். நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் உருவாக்கியது. 1998 நாகானோ ஒலிம்பிக்கிலிருந்து இது இல்லாமல் யாரும் ஓடுவதில்லை. இன்லைனில் பழகிய கணுக்கால் இந்தக் கீலுக்குப் பழக வேண்டும்.

பந்தய முறையும் புதிது. இன்லைனில் கும்பலாகக் கிளம்புவார்கள், முன்னால் போகிறவர் முதுகுக்குப் பின்னால் காற்றுக்கு ஒதுங்கி, கடைசியில் பாய்வார்கள். ஐஸில் 400 மீட்டர் வட்டத்தில் இரண்டு பேர்தான், ஆளுக்கு ஒரு தடம். எதிர்ப்பக்க நேர்கோட்டில் உள்தடத்தில் இருப்பவர் வெளித்தடத்துக்கும், வெளியில் இருப்பவர் உள்ளுக்கும் மாற வேண்டும். பக்கத்தில் ஓடுபவரை ஜெயித்தால் மட்டும் போதாது, அன்றைக்கு ஓடிய எல்லாருடைய நேரத்தையும் ஜெயிக்க வேண்டும். 500 மீட்டர் என்றால் ஒன்றேகால் சுற்று. அதில் ஒரு சின்ன சறுக்கல் நேர்ந்தால் ஈடுகட்ட இடமே இல்லை.

இவ்வளவையும் நான்கு மாதத்தில் பழகி, 2018 ஜனவரியில் மில்வாக்கியில் நடந்த தகுதிச்சுற்றில் 500 மீட்டரில் மூன்றாவதாக வந்து அணியில் இடம் பிடித்தார். அமெரிக்காவின் நீள்தட (400 மீட்டர் வட்டத்தில் ஓடும்) வேகச்சறுக்கு ஒலிம்பிக் அணியில் இடம்பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர்தான். தென் கொரியாவின் பியோங்சாங்கில் நடந்த அந்த ஒலிம்பிக்கில் அவர் பெற்ற இடம் 24. நீங்கள் கேட்ட "நான்கு மாத" கதை இந்த இடத்தில் முடிகிறது. பெரிய சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் எனக்கு அதற்குப் பிறகு வருவதுதான் முக்கியம். 24ஆம் இடத்திலிருந்து முதல் இடத்துக்கு வர இன்னும் நான்கு வருஷம் ஆனது. அந்த நான்கு வருஷத்தை யாரும் தலைப்பில் போடுவதில்லை.

அந்தக் காலத்தில் அவர் இருந்தது சால்ட் லேக் சிட்டியில். அங்கே உள்ள ஐஸ் வட்டம் கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கு மேலே இருக்கிறது. காற்று அடர்த்தி குறைவு, அதனால் எதிர்க்காற்றுத் தடையும் குறைவு. வேகச்சறுக்கில் உலகச் சாதனைகள் அடிக்கடி அங்கேதான் விழும். அங்கேயே ஒரு சமூகக் கல்லூரியில் கணினி அறிவியலும் படித்தார். விளையாட்டு ஓயும் நேரத்தில் வேறு படிப்பு என்பது அவர் வழக்கம்.

2021 நவம்பரில் போலந்தில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் 500 மீட்டரை ஜெயித்தார். வேகச்சறுக்கு உலகக் கோப்பைப் பந்தயம் ஒன்றில் வென்ற முதல் கறுப்பினப் பெண். அந்தப் பருவத்தில் அடுத்தடுத்து வெற்றி. ஒலிம்பிக்குக்கு முன் 500 மீட்டர் தரவரிசையில் உலகிலேயே முதல் இடம்.

அப்புறம் 2022 ஜனவரி. மறுபடியும் மில்வாக்கி, மறுபடியும் தகுதிச்சுற்று. உலக முதலிடக்காரருக்கு இது வெறும் சடங்கு மாதிரிதான் இருந்திருக்க வேண்டும். பாதி ஓட்டத்தில் கால் இடறியது. விழவில்லை, கையை வீசி நிமிர்ந்து பிடித்துக்கொண்டார். ஆனால் 500 மீட்டரில் அது போதும். மூன்றாவதாக வந்தார். அமெரிக்காவுக்கு அப்போது இருந்ததோ இரண்டே இடம். உலகிலேயே அதிவேகமான பெண் ஒலிம்பிக்குக்குப் போக முடியாத நிலை.

அந்தப் பந்தயத்தில் முதலாவதாக வந்தவர் பிரிட்டனி போவ். ஒக்காலாவில் அதே ரெனேயிடம் வளர்ந்தவர், எரினைவிட நான்கு வயது மூத்தவர். 1000, 1500 மீட்டர்களில் அவருக்கு ஏற்கெனவே இடம் இருந்தது. 500 மீட்டர் இடத்தை எரினுக்கு விட்டுக்கொடுத்தார். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஜெயித்த இடத்தைக் கொடுத்தார், அவ்வளவுதான். பிறகு இடங்களை மறுபங்கீடு செய்தபோது அமெரிக்காவுக்கு இன்னோர் இடம் கிடைத்து பிரிட்டனியும் 500 மீட்டர் ஓடினார். ஆனால் விட்டுக்கொடுத்த அன்று அது கிடைக்கும் என்று எந்த உறுதியும் கிடையாது. ஒரே ரிங்க்கில் சேர்ந்து வளர்ந்த பிள்ளைகளுக்குள் இருக்கும் பாசம் இதுதான். உங்கள் மகளோடு அந்தத் திடலில் இன்னும் நாலு பிள்ளைகள் ஓட்டுகிறார்கள் என்றால், அவர்களை வெறும் போட்டிக்காரர்களாகப் பார்க்காமல் இருக்கக் கற்றுக்கொடுங்கள்.

2022 பிப்ரவரி 13, பெய்ஜிங். ஜப்பானின் மிஹோ தகாகி முன்பாகவே ஓடி 37.12 விநாடி வைத்துவிட்டார். ஜோடி ஜோடியாக வந்தார்கள், யாராலும் அதைத் தொட முடியவில்லை. எரின் வந்தது கிட்டத்தட்ட கடைசியில். முடித்தபோது பலகையில் 37.04. ரஷ்யாவின் ஆஞ்செலினா கோலிகோவா 37.21 விநாடியில் வெண்கலம். தங்கத்துக்கும் வெள்ளிக்கும் நடுவே 0.08 விநாடி. அந்த வேகத்தில் அது ஏறக்குறைய ஒரு மீட்டர் தூரம். குளிர்கால ஒலிம்பிக்கில் தனிநபர் தங்கம் வென்ற முதல் கறுப்பினப் பெண் என்ற பெயர் அன்று அவருக்கு வந்தது. ஆண்களில் அதே வேகச்சறுக்கில் ஷானி டேவிஸ் 2006இல் அந்த இடத்தைப் பிடித்திருந்தார். பெண்கள் 500 மீட்டரில் அமெரிக்காவுக்கு 1994இல் போனி பிளேர் வாங்கிய தங்கத்துக்குப் பிறகு இதுதான். பிரிட்டனிக்கும் 1000 மீட்டரில் வெண்கலம் கிடைத்தது. அதைக் கேட்டபோது எனக்கு எரினின் தங்கத்தைவிட ஒரு படி கூடுதலாகவே சந்தோஷம்.

இது எரின் கதை. இனி உங்கள் மகள்.

முதலில் நம் நாட்டு நிலைமையை மறைக்காமல் சொல்கிறேன். மலேசியாவில் 400 மீட்டர் ஐஸ் வட்டம் கிடையாது. இருப்பதெல்லாம் பேரங்காடிகளுக்குள் இருக்கும் ரிங்க்குகள். சன்வே பிரமிட்டில் ஒன்று, புத்ராஜெயா ஐ.ஓ.ஐ. சிட்டி மாலில் ஒன்று. இந்த அளவு ரிங்க்கில் நடப்பது குறுந்தட வேகச்சறுக்கு. சுற்று 111 மீட்டர், பல பேர் ஒன்றாக ஓடுவது. 2017 கோலாலம்பூர் சீ (தென்கிழக்காசிய) விளையாட்டுப் போட்டியில்தான் முதல் முறையாக ஐஸ் விளையாட்டுகளைச் சேர்த்தார்கள். அதில் குறுந்தடத்தில் மலேசியாவின் அஞ்சா சோங் தங்கம் வென்றார். அடுத்த வருஷம் பியோங்சாங்கில் மலேசியா முதல் முறையாகக் குளிர்கால ஒலிம்பிக்கில் கலந்துகொண்டது. போனவர்கள் இரண்டு பேர், ஃபிகர் ஸ்கேட்டிங்கில் ஜூலியன் யீ, பனிச்சறுக்கில் ஜெஃப்ரி வெப். ஜூலியன் பழகி வளர்ந்தது பேரங்காடி ஐஸில், பொதுமக்கள் கூட்டத்துக்கு நடுவில். சிங்கப்பூரின் முதல் குளிர்கால ஒலிம்பிக் வீராங்கனை ஷையன் கோவும் அதே 2018இல் குறுந்தட வேகச்சறுக்கில்தான் போனார். ஆனால் அவர் சிறு வயதிலேயே கனடாவில் வளர்ந்து அங்கே ஐஸ் பழகியவர். அவர் கதையை அப்படியே நமக்கு அளவுகோலாக வைக்க முடியாது.

சுங்கை சிப்புட்டிலிருந்து சன்வேக்கு ஒரு வழிப் பயணமே மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. டோல், பெட்ரோல், ரிங்க் கட்டணம், வாடகை ஸ்கேட், சாப்பாடு என்று ஒரு நாளைக்கே நல்ல பணம் கரையும். ஆலையில் ஷிப்ட் வேலை செய்யும் குடும்பம் வாராவாரம் இதைச் செய்ய முடியாது. செய்யத் தேவையும் இல்லை என்பதுதான் என் பதில். பதினொரு வயதில் எரினுக்கு ஐஸ் இல்லை, பிரிட்டனிக்கும் ஜோய்க்கும் இல்லை. அவர்களிடம் இருந்தது வழவழப்பான ஒரு தரை, விஷயம் தெரிந்த ஒரு பெரியவர், சேர்ந்து ஓட்டப் பிள்ளைகள். இந்த மூன்றில் உங்களிடம் இரண்டு ஏற்கெனவே இருக்கிறது.

இன்னொன்று. சக்கரத்திலேயே நின்றாலும் அது குறைவான இடமில்லை. நம்ம ஆள் ஒருவரைச் சொல்கிறேன். சென்னைப் பையன் ஆனந்த்குமார் வேல்குமார், 2003இல் பிறந்தவர். 2021இல் கொலம்பியாவில் ஜூனியர் உலகப் போட்டியில் வெள்ளி. 2023இல் நடந்த ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 3000 மீட்டர் தொடர் ஓட்டத்தில் வெண்கலம் வாங்கிய இந்திய அணியில் ஒருவர். 2025 ஆகஸ்டில் செங்டு உலக விளையாட்டுகளில் வெண்கலம், அடுத்த மாதமே சீனாவின் பெய்தாய்ஹேவில் 1000 மீட்டரில் உலகச் சாம்பியன், அதோடு 42 கிலோமீட்டர் மாரத்தானிலும் தங்கம். வேகச்சறுக்கில் இந்தியாவின் முதல் உலகச் சாம்பியன் ஒரு தமிழர், அதுவும் சென்னை வெயிலில் சக்கரத்தில் ஓட்டி வளர்ந்தவர். ஹாங்சோவில் பெண்கள் தொடர் ஓட்டத்திலும் இந்தியாவுக்கு வெண்கலம் கிடைத்தது, அந்த அணியில் சென்னையின் ஆரத்தி கஸ்தூரிராஜ் இருந்தார். மகளுக்கு எரினைக் காட்டுங்கள், ஆரத்தியையும் காட்டுங்கள். தன்னைப் போலவே வீட்டில் தமிழ் பேசும் ஓர் அக்காவைப் பார்த்தால் பிள்ளைக்கு வரும் தைரியம் வேறு.

இப்போது அந்தத் திடலுக்கு வருவோம். நம் பகுதியில் பிள்ளைகள் ஓட்டுவதைப் பார்த்தவரை, எல்லாரிடமும் ஒரே குறைதான். நிமிர்ந்து நின்று ஓட்டுகிறார்கள். மகள் நின்ற இடத்திலேயே நாற்காலியில் உட்காருவது போல் முழங்காலை மடக்கட்டும். பக்கத்திலிருந்து பாருங்கள், மூக்கு, முழங்கால், கால் பெருவிரல் மூன்றும் ஒரே செங்குத்துக் கோட்டில் இருக்க வேண்டும். முதுகு கொஞ்சம் வளைந்து, கைகள் பின்னால் இடுப்பில். அப்படியே அரை நிமிடம் அசையாமல் இருக்கச் சொல்லுங்கள். தொடை நடுங்கும். நடுக்கம் வந்த பிறகும் தலை மேலே எழும்பாமல் இருக்கிறதா என்று கவனியுங்கள். வீட்டு ஹாலில் வெறுங்காலோடு செய்யலாம், மழை நாளில் வேறு வேலையே இல்லை. அடுத்தது அதே உட்கார்ந்த நிலையில் பக்கத்துக்குப் பக்கம் தாவுவது. உலக அளவில் ஓடுபவர்களும் ஐஸ் கிடைக்காத மாதங்களில் இதைத்தான் செய்கிறார்கள். இதற்கு ஒரு வெள்ளி செலவில்லை.

ஸ்கேட்டைப் பொறுத்தவரை, பூட்ஸ் காலுக்குச் சரியாக இருக்க வேண்டும். "வளர்ற பிள்ளை, ஒரு சைஸ் பெருசா வாங்குவோம்" என்று பள்ளிச் சப்பாத்து வாங்குவது போல் வாங்கினால் கணுக்கால் உள்ளே ஆடும், தப்பான சாய்வு பழகிவிடும். செகண்ட் ஹேண்டில் சரியான அளவு கிடைத்தால் அதுவே மேல். சக்கரம் உள்பக்கமாகத்தான் முதலில் தேயும். கையால் தடவிப் பார்த்து ஒரு பக்கம் சரிந்திருந்தால் கழற்றித் திருப்பி மாட்டுங்கள், இடத்தையும் மாற்றிப் போடுங்கள். ஹெல்மெட், மணிக்கட்டுக் காப்பு, முழங்கால் காப்பு மூன்றும் இல்லாமல் ஓட்டவே கூடாது. மழை விட்ட பிறகு திடலில் தண்ணீர் தேங்கிய இடங்களையும், பெயின்ட் கோடுகளையும் துடைத்த பிறகுதான் இறங்க வேண்டும். ஈரமான பெயின்டில் சக்கரம் பிடிக்காது. ரோட்டில் வேண்டாம், செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் வரும் ரோடு நம் ரோடு.

பள்ளி மண்டபத்தின் சிமெண்ட் தரை கிடைக்குமா என்று பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் கேட்டுப் பாருங்கள். வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம், ஒரு பெரியவர் மேற்பார்வையில், ஐந்தாறு பிள்ளைகள். நான் சொன்ன மூன்றில் உங்களிடம் இல்லாதது அந்தப் பெரியவர்தான். அவர் ஒலிம்பிக் வீரராக இருக்க வேண்டியதில்லை. தவறாமல் வருபவராக, பிள்ளைகள் விழும்போது பதறாதவராக, கற்றுக்கொள்ளத் தயாராக இருப்பவராக இருந்தால் போதும். உங்கள் வீட்டிலேயே ஒருவர் இருக்கலாம்.

பந்தயம் வேண்டும் என்றால் கோலாலம்பூர், சிலாங்கூர் பக்கம் இன்லைன் கிளப்புகள் நடத்தும் போட்டிகளை விசாரியுங்கள். முதல் போட்டியில் கடைசியாக வந்தாலும் வரட்டும். மற்ற பிள்ளைகள் வளைவில் எப்படி உட்காருகிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்தாலே அந்தப் பயணத்துக்கு ஈடாகிவிடும். எஸ்.பி.எம். தேர்வு முடியும் வரை படிப்பும் சக்கரமும் சேர்ந்தே போகட்டும். அதற்குப் பிறகு அவள் காலே சொல்லும், ஐஸ் தேடி வெளிநாடு போகும் அளவுக்கு இருக்கிறாளா என்று. அந்தக் கட்டத்தில் வெளியூர் போகாமல் முடியாது, அதையும் இப்போதே தெரிந்து வைத்திருங்கள்.

அதற்கு முன் பள்ளி விடுமுறையில் கோலாலம்பூர் போகும் வேலை இருந்தால் ஒரு தரம் ஐஸில் இறக்கிப் பாருங்கள், ஆசைக்காக. வாடகைக்குக் கொடுப்பது வேகத்துக்கான கத்தி இல்லை, முன்னால் பல் வைத்த குட்டைக் கத்தி. மகள் சக்கரத்தில் போல் முன்னால் சாய்ந்து உதைத்தால் அந்தப் பல் ஐஸில் குத்தி மூக்கு அடிபட விழுவாள். அதனால் முதல் பத்து நிமிடம் சுவரோரமாக, முழங்காலை மடக்கி, பக்கவாட்டில் மட்டும் தள்ளச் சொல்லுங்கள். கையுறையும் நீளக்கை சட்டையும் எடுத்துப் போங்கள்.